ஆழ்கற்றல் ஆய்வுக் குழு: செட்டிநாட்டிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

பல்கலைக்கழக ஆழ்கற்றல் ஆய்வுக் குழுவோடு சேர்ந்து வேலை செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். ஆழ்கற்றல் (டீப் லேர்னிங்) என்பது நிறைய எடுத்துக்காட்டுகளைக் காட்டிக் கம்ப்யூட்டரைப் பழக்கும் முறை. அப்படிப் பழகியதைத்தான் மாடல் என்கிறோம். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்காரர்கள், கண்மாய்ப் பாசனக்காரர்கள், பரணில் பழைய பேரேடுகள் வைத்திருக்கும் குடும்பங்கள், குழுவில் சேர விரும்பும் மாணவர்கள் என நான்கு தரப்பினர் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே இருக்கின்றன. உங்களுக்குத் தேவையான கேள்வியை மட்டும் படித்தாலும் போதும். ஆனால் சோதனைப் படங்களைப் பிரிப்பது பற்றிய பதிலை யாரும் விட்டுவிட வேண்டாம்.

எந்த மாதிரி வேலைகளை எடுத்துக்கொள்கிறீர்கள்?

மூன்று விஷயம் பார்ப்போம். முதலாவது, அனுபவசாலி ஒருவர் அதே படத்தைப் பார்த்து விடை சொல்ல முடிய வேண்டும். அவருக்கே படத்தில் தெரியாதது மாடலுக்கும் பெரும்பாலும் தெரியாது. இரண்டாவது, அதே முடிவை ஆயிரக்கணக்கான தடவை எடுக்க வேண்டிய வேலையாக இருக்க வேண்டும். மாதத்துக்குப் பத்து தடவை வரும் வேலைக்கு மனிதக் கண்ணே மலிவு. மூன்றாவது, மாடல் தவறினால் அதைப் பிடித்துத் திருத்த அடுத்த கட்டத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

இந்த மூன்றும் பொருந்தினால் பேசலாம். "ஏதாவது ஏஐ செய்து கொடுங்கள்" என்று வந்தால், என்ன முடிவை யார் எடுக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்போம்.

ஆழ்கற்றல் இல்லாமல் முடியாதா?

பல நேரங்களில் முடியும். முடிந்தால் அதைத்தான் செய்யச் சொல்வோம். கண்மாயில் தண்ணீர் எவ்வளவு பரப்பில் நிற்கிறது என்று அறிய, செயற்கைக்கோள் படத்தின் பச்சை அலைவரிசையிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுத்தால் ஓர் எண் வரும். தண்ணீர் அகச்சிவப்பை உறிஞ்சிவிடுவதால் அந்த எண் தெளிந்த நீரில் பெரும்பாலும் பூஜ்யத்துக்கு மேல் இருக்கும். 1996 முதல் புழக்கத்தில் உள்ள சூத்திரம் இது. சாதாரண கம்ப்யூட்டரில் சில நொடியில் முடியும்.

எந்த வேலையிலும் இப்படி ஓர் எளிய முறையை முதலில் ஓட்டி, அது எங்கே தவறுகிறது என்று பார்ப்போம். அந்தத் தவறுகளைக் குறைத்தால்தான் ஆழ்கற்றலுக்கு அங்கே இடம் உண்டு.

எத்தனை போட்டோ வேண்டும்?

மொத்த எண்ணிக்கையை விட, நீங்கள் தேடும் குறை எத்தனை படத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. பத்தாயிரம் நல்ல டைல்ஸ் கல்லின் படமும் இருபது விரிசல் கல்லின் படமும் கொண்டுவந்தால், எங்களைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பது இருபது படம். தொடங்குவதற்கு ஒவ்வொரு வகைக் குறைக்கும் சில நூறு படங்களாவது கேட்போம்.

இவ்வளவு குறைவாகக் கேட்க முடிவதற்குக் காரணம், மாடலை வெறுமையிலிருந்து பயிற்றுவிப்பதில்லை. மாடலின் உட்கட்டமைப்பை வலையமைப்பு என்போம். ரெஸ்நெட்-18 போன்ற வலையமைப்பு, ஆயிரம் வகைகளில் ஏறத்தாழ 12.8 லட்சம் படங்களைக் கொண்ட இமேஜ்நெட் தொகுப்பில் ஏற்கெனவே பயிற்சி பெற்றுக் கிடைக்கிறது. கோடு, விளிம்பு, இழை போன்றவற்றை அது முன்பே அறிந்திருக்கும். கடைசி அடுக்கை நம் வகைகளுக்கு மாற்றி, மற்ற அடுக்குகளை மெல்ல நகர்த்தினால் போதும்.

ஆத்தங்குடிக் கல்லில் விரிசல் கண்டுபிடிக்க எதற்கு இவ்வளவு? நல்ல கல் ஒன்றோடு ஒப்பிட்டுக் கழித்தால் போதாதா?

அச்சுப் போட்ட தொழிற்சாலை டைல்ஸில் அது நடக்கும். இங்கே நடக்காது. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமென்ட் குழம்பைக் கையால் ஊற்றுகிறார்கள். அதன் மேல் உலர் கலவை, அதற்கும் மேல் ஈரச் சாந்து. பூவின் இதழ் ஒரு கல்லில் அரை அங்குலம் அகன்றிருக்கும், அடுத்ததில் குறுகியிருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் கைவேலையின் வித்தியாசம் முழுக்கக் குறையாகத் தெரியும். எது கைவேலை, எது குறை என்று பிரிக்கத்தான் கற்கும் மாடல் வேண்டியிருக்கிறது. எங்களைக் கேட்டால், கைவேலையின் அந்த வித்தியாசத்தை மாடல் தண்டிக்காமல் இருப்பதுதான் இந்த வேலையின் முதல் நிபந்தனை.

அந்தக் கல்லைப் போட்டோ எடுப்பது எப்படி?

கண்ணாடி பட்ட முகம் என்பதால் கல் பளபளக்கும். மேலிருந்து ஃபிளாஷ் அடித்தால் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு விழும், அதற்குள் எது இருந்தாலும் போச்சு. கேமராவைக் கல்லுக்கு நேர் மேலே ஸ்டாண்டில் பூட்டுங்கள். இரு பக்கமும் 45 டிகிரி சாய்வில் எல்இடி ட்யூப் ஒன்றொன்று வைத்து, முன்னால் பட்டர் பேப்பர் ஒட்டுங்கள். இது வண்ணக் கசிவு, முனை உடைவு, வெள்ளை பூத்தல் பார்க்க. மயிர்க்கோட்டு விரிசலுக்கு இரண்டாவது படம் வேண்டும். ஒரு பக்க ட்யூபை அணைத்து, மற்றதைக் கல்லின் மட்டத்துக்குத் தாழ்த்தி எடுங்கள். ஓரமாக வரும் வெளிச்சத்தில் விரிசலின் உதடு நிழல் காட்டும். எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டிவிடுங்கள். தானாக விட்டால் சிவப்புக் கல்லுக்கு ஒரு நிறம், பச்சைக் கல்லுக்கு ஒரு நிறம் என்று கேமரா திருத்திக்கொண்டே போகும்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

விரிசல் எங்கே என்று குறிக்கும்போது வண்ணங்கள் சேரும் கோட்டையும் விரிசலையும் குழப்பிக்கொள்வது சாதாரணம். அதற்கு ஒரு வழி: உலர்ந்த கல்லைப் படம் எடுத்த பிறகு ஈரத் துணியால் துடைத்துச் சில நிமிடம் விடுங்கள். மேற்பரப்பு காய்ந்த பின்னும் விரிசல் தண்ணீரைப் பிடித்துக் கருங்கோடாக நிற்கும். வண்ணக் கோடு அப்படி நிற்காது. ஈரத்தில் பார்த்ததை வைத்து உலர்ந்த படத்தில் குறியுங்கள்.

எந்தக் கேமரா போதும்?

கணக்குப் போட்டே சொல்லலாம். கல் 10 அங்குலம், அதாவது சுமார் 250 மி.மீ. 12 மெகாபிக்சல் கேமராவின் குறுகிய பக்கம் 3000 பிக்சல். கல் அந்தப் பக்கத்தை நிறைத்தால் 1 மி.மீ.க்கு 12 பிக்சல். கால் மில்லிமீட்டர் விரிசல் 3 பிக்சல் அகலம் வரும். அதற்குக் கீழே போனால் இரைச்சலோடு கலந்துவிடும். ஆக, சாதாரண செல்போன் கேமரா போதும். ஆனால் படத்தில் பாதியைத் தரை பிடித்துக்கொண்டால் போதாது.

அடுத்து வரும் தவறுதான் பெரிது. வழக்கமான வலையமைப்புகள் 224×224 பிக்சல் படத்தை எதிர்பார்க்கும். முழுக் கல்லை அந்த அளவுக்குச் சுருக்கினால் ஒரு பிக்சல் 1 மி.மீ.க்கு மேல் ஆகிவிடும். விரிசல் படத்திலேயே இருக்காது. இல்லாத விரிசலை மாடல் எப்படிக் கற்கும்? அதனால் படத்தைச் சுருக்காமல் 512×512 துண்டுகளாக வெட்டுகிறோம். ஓரத்தில் விழும் விரிசல் தப்பாமல் இருக்க ஒவ்வொரு துண்டும் அடுத்ததோடு குறைந்தது 64 பிக்சல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒரு கல்லுக்கு 7×7, மொத்தம் 49 துண்டு.

மாடல் 95 சதவீதம் துல்லியம் என்றால் நம்பலாமா?

அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து நம்பக் கூடாது. நூறு கல்லில் ஐந்து குறை என்றால், எல்லாவற்றையும் நல்லது என்று சொல்லும் மாடலுக்கும் 95 சதவீதம் கிடைக்கும்.

ஒரு நாளைக்கு 1000 கல், அதில் 30 விரிசல் என்று வைத்துக்கொள்வோம். மாடல் விரிசலில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, நல்ல கல்லில் 5 சதவீதத்தைத் தவறாக ஒதுக்குகிறது. பிடிபட்டது 27, தப்பியது 3, வீணாக ஒதுக்கப்பட்டது 48 அல்லது 49. ஒதுக்கிய குவியலில் மூன்றில் இரண்டு பங்கு நல்ல கல். அதை ஓர் ஆள் மறுபடி பார்த்துப் பிரிப்பார் என்றால் இது நல்ல மாடல். ஒதுக்கியதை நேரே உடைத்துப் போடுவார்கள் என்றால் பட்டறைக்கு நஷ்டம். எந்த எல்லையில் ஒதுக்குவது என்பதை ஒரு கல்லின் விலையும், குறைக்கல் வாடிக்கையாளரிடம் போனால் வரும் செலவும் தீர்மானிக்கட்டும். அதைச் சொல்ல வேண்டியவர் பட்டறைக்காரர்.

சோதனையின் அளவையும் கேளுங்கள். 50 விரிசல் கல்லில் 45 பிடிபட்டால் 90 சதவீதம்தான். ஆனால் அவ்வளவு சிறிய சோதனையில் உண்மையான விகிதம் ஏறத்தாழ 79 முதல் 96 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

சோதனைப் படங்களைப் பிரிப்பதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு?

ஆய்வகத்தில் ஜோராக ஓடிய மாடல் வெளியே படுத்துவிடுவதற்கு நாங்கள் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். எல்லாப் படத்தையும் கலக்கிப்போட்டு 80 பயிற்சிக்கு, 20 சோதனைக்கு என்று பிரிப்பது வழக்கம். ஒரே கல்லின் 49 துண்டில் சில பயிற்சியிலும் சில சோதனையிலும் விழும். மாடல் விரிசலைக் கற்காமல் அந்தக் கல்லையே அடையாளம் கண்டுகொள்ளும். மதிப்பெண் பிரமாதமாக வரும், அது பொய் மதிப்பெண்.

ஆகவே துண்டு வாரியாக ஒருபோதும் பிரிக்காதீர்கள். கல் வாரியாகப் பிரித்தாலும் போதாது, ஒரே நாளில் ஒரே வெளிச்சத்தில் எடுத்தவை ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஒரு பட்டறையை முழுசாகச் சோதனைக்கு ஒதுக்குங்கள். ஒரே பட்டறைதான் என்றால் கடைசி மாதத்தை ஒதுக்குங்கள். கண்மாய் வேலையில் முழுக் கண்மாயையும், பேரேட்டு வேலையில் ஒரு கணக்கப்பிள்ளையின் கையெழுத்து முழுவதையும் ஒதுக்க வேண்டும். இப்படிப் பிரித்ததும் மதிப்பெண் இறங்கும். இறங்கி நிற்கும் எண்தான் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய எண். மாணவர் கட்டுரையாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் எவ்வளவு என்று செயற்கைக்கோளில் பார்க்க முடியுமா?

பரப்பைப் பார்க்கலாம். சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள்களின் படங்கள் இலவசம். இரண்டு கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒரு முறை அதே இடத்தைக் கடக்கின்றன. ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு ஏக்கருக்குச் சுமார் 40 பிக்சல் கிடைக்கும். பெரிய கண்மாய்க்கு இது தாராளம். ஊருணிக்குப் போதாது. 50 மீட்டர் சதுர ஊருணி 25 பிக்சல், அதில் 16 ஓரப் பிக்சல். ஓரத்தில் தண்ணீரும் படித்துறையும் கலந்து வருவதால் அளவு நம்பும்படி இருக்காது.

இங்கே மூன்று தொல்லைகள். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறையும் அதே நேரத்தில்தான் மேகமும் மூடுகிறது. அப்போது மேகத்தை ஊடுருவும் ரேடார் கோளான சென்டினல்-1 கைகொடுக்கும். ஆனால் காற்றில் அலையடிக்கும் நீர் ரேடாரில் தரை போலத் தெரியலாம். இரண்டாவது, உட்பகுதியில் மண்டிய சீமைக்கருவேலும் ஆகாயத்தாமரையும். மேலிருந்து பார்த்தால் இலைதான் தெரியும், அடியில் நிற்கும் தண்ணீர் தெரியாது. மேலே சொன்ன எளிய சூத்திரம் தோற்பது இங்கேதான். சுற்றியுள்ள வடிவத்தையும் சேர்த்துப் பார்க்கும் யூ-நெட் வகை மாடலை இறக்குவதும் இங்கேதான்.

மூன்றாவது, எங்களிடம் வரும் டேட்டாவில் அடிக்கடி பார்ப்பது. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களில் ஒவ்வொரு பிக்சலின் ஒளி அளவைக் குறிக்கும் எண்ணோடு 1000 கூட்டி வெளியிடுகிறார்கள். முன்பு எண்ணை 10,000-ஆல் வகுத்தால் போதும். அதற்குப் பிந்தைய படத்தில் 1000-ஐக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். கழிக்காமல் பழைய படத்தையும் புதிய படத்தையும் கலந்தால், இருண்ட தண்ணீர்தான் அதிகம் பாதிக்கப்படும். கண்மாய் ஒரே ஆண்டில் மாறிவிட்டது போல வரைபடம் காட்டும். நிரலில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. சில பதிவிறக்கத் தளங்கள் தாமே கழித்துத் தருகின்றன, அங்கே மறுபடி கழித்தாலும் தவறு. எதற்கும் ஒரே கண்மாயின் 2021, 2022 படங்களைப் பக்கத்தில் வைத்து எண்ணைப் பாருங்கள்.

பரப்பு தெரிந்தால் கொள்ளளவு சொல்லிவிடலாமே?

படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆழம் தெரிய வேண்டும். கண்மாய் வற்றியிருக்கும் கோடையில் உட்பகுதியை லெவல் எடுத்து, மடை மட்டத்தையும், உபரி நீர் வழியும் கலுங்கின் மட்டத்தையும் குறித்துக்கொண்டால் பரப்புக்கும் கொள்ளளவுக்கும் ஓர் அட்டவணை போடலாம். கரம்பை மண் எடுத்தால் அந்த அட்டவணை பழசாகிவிடும், மறுபடி அளக்க வேண்டும்.

பழைய பேரேடுகளைக் கம்ப்யூட்டர் படித்துவிடுமா?

ஓரளவு படிக்கும், ஆள் சரிபார்க்க வேண்டியிருக்கும். எங்கள் வேலையில் இதைத்தான் மிக அருமையானதாக நினைக்கிறோம். செட்டிநாட்டுக் குடும்பங்கள் பர்மா, இலங்கை, மலாயாவில் நடத்திய தொழிலின் பேரேடும் ஐந்தொகையும் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. அவை மக்கிப்போவதற்குள் படித்தாக வேண்டும்.

இன்றைய அச்சுத் தமிழில் பயின்ற மாடல் இதில் திணறும். கணக்கப்பிள்ளைகள் புள்ளி வைக்காமல் எழுதியிருப்பார்கள். துணைக்காலும் (ா) ரகரமும் (ர) ஒன்றுபோல் இருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னா, றா வடிவங்கள் வரும். தமிழ் எண்கள் இன்னும் சிரமம். கையெழுத்தில் ௧ (1) என்பது க போலவும், ௨ (2) என்பது உ போலவும், ௭ (7) என்பது எ போலவும், ௮ (8) என்பது அ போலவும் இருக்கும். எந்தப் பத்தியில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் பிரிக்க முடியும். ஆகவே ஒவ்வொரு வரியையும் வெட்டும்போது அது விவரப் பத்தியா, தொகைப் பத்தியா என்ற குறிப்பும் சேர்ந்து போக வேண்டும். மாகாணி, காணி, முந்திரி போன்ற பின்னக் குறிகளுக்கு யூனிகோடில் 2019-இல்தான் இடம் கிடைத்தது. உங்கள் எழுத்துரு அவற்றைக் காட்டுகிறதா என்று முதலில் சோதியுங்கள்.

எழுதிக் கொடுக்கும்போது இரண்டு வரி எழுதுங்கள். ஏட்டில் உள்ளபடி புள்ளியில்லாமல் ஒன்று, படித்துப் பொருள்கொண்டபடி ஒன்று. மாடலுக்கு முதல் வரிதான் பாடம். இரண்டையும் கலந்தால் படத்தில் இல்லாத புள்ளியை மாடல் கற்பனை செய்யத் தொடங்கும்.

பேரேட்டில் நமக்கு ஒரு வசதி, கூட்டுத்தொகை. ரூபாய்–அணாக் கணக்கில் எழுதிய பத்தியை 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய் என்று கூட்டி, மாடல் படித்த அடித்தொகையோடு ஒப்பிடுகிறோம். பொருந்தினால் அந்தப் பத்தி அநேகமாகச் சரி. பொருந்தாத பத்தி மட்டும் ஆளிடம் போகும். கணக்கப்பிள்ளை அன்று போட்ட கூட்டல் இன்று சோதனைத் தாளாக உதவுகிறது.

பேரேட்டை எப்படிப் படம் எடுப்பது? குடும்ப விவரம் வெளியே போகாதா?

தைத்த ஏட்டை ஸ்கேனரில் அழுத்தாதீர்கள், முதுகு ஒடியும். மேலிருந்து கேமராவில் எடுங்கள், ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வரும்படி. மறுபக்க மை ஊடுருவித் தெரிந்தால் தாளுக்கு அடியில் கறுப்புத் தாள் வையுங்கள், பெருமளவு அடங்கும்.

ஏடு உங்களுடையது, படமும் உங்களுடையது. கடன் வாங்கியவர் பெயரும் தொகையும் இருக்கும் பக்கங்கள் இவை. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் தொடங்க மாட்டோம். மாணவர்கள் பயிற்சிக்கு வரிப் படங்களை மட்டும் பார்ப்பார்கள், முழுப் பக்கத்தை அல்ல.

வீட்டுச் சுவர் விரிசலைப் படம் எடுத்து அனுப்பினால் ஆபத்தா இல்லையா என்று சொல்வீர்களா?

மாட்டோம். விரிசல் எங்கே, எவ்வளவு நீளம் என்று மாடல் காட்டும். அடித்தளம் இறங்கியதாலா, உத்தரம் வளைந்ததாலா, சுண்ணாம்புப் பூச்சு மட்டும் உரிந்ததா என்பது படத்தில் இல்லை. கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

குழுவில் சேர என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பைத்தான், அணிக் கணிதம், நிகழ்தகவு. மாடல் எழுதப் பயன்படும் பைடார்ச் என்ற நிரல் தொகுப்பைக் குழுவில் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளலாம். முதல் வாரம் யாருக்கும் மாடல் கிடையாது, படங்களுக்கு லேபிள் போட வேண்டும். ஒரே நூறு படத்தை இருவர் தனித்தனியே குறித்து, எங்கே வேறுபடுகிறார்கள் என்று உட்கார்ந்து பேசினால்தான் குறை என்பதற்கு வரையறை பிறக்கும்.

பிறகு பத்தே படத்தில் மாடலை ஓட்டச் சொல்வோம். பத்துப் படத்தை அது மனப்பாடம் செய்து, இழப்பு (மாடலின் தவறை அளக்கும் எண்) பூஜ்யத்துக்கு அருகில் வர வேண்டும். வராவிட்டால் நிரலில் பிழை. மாடலுக்குள் போகும் படத்தைத் திரையில் வரைந்து பாருங்கள். படம் திறக்கும் நிரல் தொகுப்புகளில் ஓப்பன்சிவி நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் படத்தைத் தரும், பில்லோ சிவப்பிலிருந்து தொடங்கும். பயிற்சியில் ஒன்றும் பயன்பாட்டில் மற்றொன்றும் இருந்தால் சிவப்புக் கல் நீலமாகப் போகும். பேரேட்டு வரிகளை இடவலமாகத் திருப்பிப் படத்தைப் பெருக்காதீர்கள், கல்லுக்குச் சரியானது எழுத்துக்கு ஆகாது.

ஜிபியு எவ்வளவு வேண்டும்?

மாடலைப் பயிற்றுவிக்கும் கிராஃபிக்ஸ் அட்டைதான் ஜிபியு. 16 ஜிபி நினைவகம் உள்ள ஒன்று இங்கே சொன்ன எல்லாவற்றுக்கும் போதும். நினைவகம் நிரம்பினால் ஒரு தடவைக்கு எடுக்கும் படங்களைக் குறையுங்கள், துண்டின் தெளிவைக் குறைக்காதீர்கள். கரண்ட் போகும் ஊர் என்பதால் ஒவ்வொரு சுற்று முடிவிலும் மாடலோடு, பயிற்சியில் அதைத் திருத்திக்கொண்டே வரும் ஆப்டிமைசரின் நிலையையும் சேமியுங்கள். மாடலை மட்டும் சேமித்துத் தொடர்ந்தால் இழப்புக் கோடு திடீரென எகிறும்.

பட்டறையில் பொருத்திய பிறகு எங்கள் வேலை முடிந்ததா?

இல்லை. புதுச் சாயம், புது மணல், புது ட்யூப்லைட், எது மாறினாலும் மாடல் பார்க்கும் உலகம் மாறும். வாரத்துக்கு ஒரு முறை, மாடல் நல்லது என்று விட்ட கற்களில் ஐம்பதைக் குருட்டாம்போக்கில் எடுத்து ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஒதுக்கிய கற்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தப்பிப்போன விரிசல் கண்ணிலேயே படாது. அதில் ஒன்றிரண்டுக்கு மேல் விரிசல் தென்பட்டால் அந்த வாரப் படங்களோடு எங்களுக்குச் சொல்லுங்கள், சாயம் மாற்றிய தேதியையும் குறித்து அனுப்புங்கள்.